வாசகர் கொண்டுவந்த கார்

"இந்த வண்டி பொய் சொல்லுது, லயனல்."

டெஸ்மண்ட் ஆர்க்கெல் சாவியை ஆசிரியரின் மேசைமேல் போட்டார். லண்டனிலிருந்து வெளிவரும், கார்களைப் பற்றிய ஒரு மாத இதழில், புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர் அவர். அவர் நல்லது என்று எழுதினால் ஜனம் வாங்கும். இல்லை என்றால் கடைப் பக்கமே எட்டிப் பார்க்காது.

"என்னய்யா பொய் சொல்லுது?" என்றார் ஆசிரியர் லயனல் ஹோர்.

"அறுபது மைல் வேகத்தை எட்டு செகண்டுல தொடுது. இந்த எஞ்சினுக்கு அது நடக்கிற காரியமா? இதைச் செய்யுற கார்வி கம்பெனிக்காரன் பத்திரிகைக்குன்னு தனியா ஒண்ணைத் தயார் பண்ணி அனுப்பியிருக்கான். கடையில விக்கிறது வேற."

"பிரிச்சுப் பாத்தியா?"

"எஞ்சினுக்கு சீல் வச்சுல்ல குடுத்திருக்கான். கை வச்சா அடுத்த மாசம் வண்டியே தர மாட்டான்."

லயனல் சிரித்தார். "பொண்டாட்டி போட்ட டீயையே மோந்து பாத்துட்டுக் குடிச்ச ஆளு நீ."

"அதனாலதான் அவ போயிட்டா."

வெளியே மழை கண்ணாடியில் கோடு கோடாக வழிந்தது.

லயனல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சரி. ஆதாரம் இல்லாம எழுதினா கோர்ட்டுக்கு இழுப்பான். ஒண்ணு பண்ணுவோம். சொந்தக் காசு போட்டு இதே காரை வாங்கின வாசகர் யாரையாவது வரச் சொல்வோம். ரெண்டையும் ஒரே இடத்துல ஓட்டு. குட்டு வெளிப்பட்டா டிசம்பர் இதழுக்கு அதுதான் அட்டைப்படம்."

"பின்னட்டை விளம்பரம் மாசாமாசம் கார்வியோடது. ஞாபகம் இருக்கா?"

"போனா போகட்டும். படிக்கிறவன்தான்யா நமக்கு முதலாளி."

டெஸ்மண்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த மனிதரை இத்தனை வருடம் குறைத்து எடைபோட்டுவிட்டோமோ என்று தோன்றியது. கெட்டரிங் ஊரிலிருந்து கடிதம் எழுதியிருந்த நார்மன் டிட்ஸ்வெல் என்ற வாசகரை வரவழைப்பதாக அன்று மாலையே லயனல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை. போர்க்காலத்துப் பழைய விமானத் தளம். யாரும் இல்லாத நீண்ட ஓடுபாதை, காதைக் கிழிக்கும் காற்று. சொன்ன நேரத்துக்கு அந்தச் சிவப்புக் கார் வந்து நின்றது. கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் இறங்கினார்.

"டிட்ஸ்வெல்."

டெஸ்மண்ட் கை குலுக்கினார். ஆனால் அவர் கண் வண்டியைத்தான் சுற்றியது. கால்விரிப்பில் சேறு. பின் இருக்கையில் நாய் முடி. மிட்டாய்த் தாள்கள்.

"எப்ப வாங்கினீங்க?"

"ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி. வருஷா வருஷம் நம்பர் பிளேட்டுல எழுத்து மாறுமே, புது எழுத்து வந்த அன்னிக்கே. பக்கத்து வீட்டுக்காரன் வயிறு எரிய வேணாமா?"

"யார்கிட்ட சர்வீஸ் விட்டீங்க?"

"என்ன தம்பி, போலீஸ்காரன் மாதிரி குடையுற? வாங்கின கடையிலதான்."

"பின்கதவு சரியா சாத்தாதுன்னு சொல்றாங்களே?"

"நாலு தடவை அறையணும். மாமியார் உக்காந்திருந்தா அஞ்சு. இதையும் எழுது, நல்லா எழுது. கண்ணாடி இறக்குற கைப்பிடி போன மாசமே கையோட வந்துடுச்சு."

டெஸ்மண்ட் தன்னையறியாமல் சிரித்தார். இப்படித் திட்டுகிறவன் பொய்யனாக இருக்க முடியாது.

வேகம் அளக்கும் சக்கரத்தைப் பத்திரிகைக்கு வந்த வண்டியின் பின்னால் மாட்டி ஓட்டினார். எட்டு செகண்ட். கழற்றிச் சிவப்பு வண்டியில் மாட்டினார். இதோ, மாட்டிக்கொள்ளப் போகிறார்கள்.

எட்டு செகண்ட்.

காற்றுக்கு எதிராகத் திருப்பி ஓட்டினார். பத்திரிகை வண்டியும் அப்படியே, சிவப்பு வண்டியும் அப்படியே. மயிரிழை வித்தியாசம் இல்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் தூறல் படிந்து, ஓடுபாதை மெல்ல மறைந்தது. இத்தனை நாள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தும் சுரண்டிப் பார்த்தும் கடைசியில் எதைக் கண்டுபிடித்தோம்? கோளாறு எல்லாம் தன்னிடம்தானோ? பிரிந்துபோன மனைவிக்கு ஒரு போன் செய்யலாமா என்றுகூட நினைத்தார்.

பெரியவர் ஜன்னலைத் தட்டி, பிளாஸ்க் மூடியில் டீ நீட்டினார். டெஸ்மண்ட் மோந்து பார்க்காமல் குடித்தார்.

அன்றிரவே கட்டுரையை முடித்துவிட்டார். "நான் சந்தேகப்பட்டேன். கெட்டரிங் வாசகர் நார்மன் டிட்ஸ்வெல் தன் சொந்தக் காரைக் கொண்டுவந்து என் வாயை அடைத்தார். என்னை நம்பி இந்தக் காரை வாங்கலாம்."

லயனல் படித்துவிட்டுத் தோளில் தட்டினார். "இப்படி மனசைத் திறந்து நீ எழுதினதே இல்லய்யா."

இதழ் கடைகளுக்கு வந்த அன்று டெஸ்மண்டின் மேசையில் போன் அடித்தது.

"மிஸ்டர் ஆர்க்கெல்? கெட்டரிங்லேருந்து நார்மன் டிட்ஸ்வெல் பேசுறேன்."

"வணக்கம் வணக்கம். என்ன, சளி பிடிச்சிருக்கா? குரலே மாறிடுச்சே!"

"என் குரலை நீங்க எப்ப கேட்டீங்க? எம் பேரைப் போட்டு, என் வண்டி பறந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது மேட்டுல ஏறவே முனகும். நான் அந்த விமானத் தளத்தைக் கண்ணாலகூடப் பாத்ததில்ல."

டெஸ்மண்ட் மேசையிலிருந்த இதழை எடுத்துத் தன் கட்டுரையைப் புரட்டினார்.

"நீங்க... ஏன் வரல?" என்றார்.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? நான் வர்றதா இருந்ததுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, உங்க ஆசிரியர் லயனலே போன் பண்ணி, 'சோதனை எதுவும் கிடையாது, நீங்க வர வேணாம்'னு சொன்னாரே!"