அதே பேச்சு

மாடி வீட்டு பஸ் கண்டக்டருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இந்த வருஷத்துக் கால்பந்து வீடியோ கேம் என்று காசைக் கொட்டி வாங்கி வந்தால், அட்டைப்படம் மட்டும்தான் புதுசு. மைதானத்தில் அதே ஓட்டம், வர்ணனையாளர் வாயில் அதே பேச்சு. கடுப்பில் டிவியின் சத்தத்தை அடியோடு நிறுத்தினான்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. போன மாதம் கீழே குடிவந்த அக்கா, கண் சிவக்க நின்றாள்.

"சத்தம் ஜாஸ்தியாக்கா? இப்பத்தான் நிறுத்தினேன்."

"ஏன் நிறுத்தினே?"

அவனுக்குப் புரியவில்லை. "வருஷா வருஷம் ஒரே பல்லவிக்கா. புதுசா நாலு வார்த்தை பேசினா அந்தாளுக்கு வாய் வலிக்குமா?"

"எப்படித் தம்பி பேசுவாரு?" அவள் கத்தினாள். "புத்துநோய்னு குரல்வளையையே எடுத்து மூணு வருஷமாச்சு! என்னிக்கோ பேசினதையே திரும்பத் திரும்ப ஓட்டி அந்தக் கம்பெனிக்காரன் கல்லா கட்டுறான். கேட்டா, 'குரல் எங்க சொத்து'ங்கறான்!"

கழுத்தில் துணி சுற்றிய அவள் கணவர், படியில் நின்று கைதட்டி அவளைக் கீழே அழைத்தார்.

அவள் திரும்பவில்லை. "கட்டினவ நான். என் புருஷன் குரலைக் கேக்க உன் டிவியைத்தான் நம்பியிருக்கேன். சத்தத்தை வைப்பா!"