பதின்மூன்று நாள் தாமதம்

முயல்கள் நடத்திய கீரைத்தோட்டக் கம்பெனியில் அழுகிய இலைகளை அகற்றும் வேலை பார்த்தது ஒரு நத்தை. கோடையில் உடம்பு வறண்டு அது ஒரு வாரம் ஓட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. "சொல்லாமல் வேலைக்கு வரவில்லை" என்று கம்பெனி அதை நீக்கிவிட்டது. கீழ்க்கோர்ட்டும் நீக்கியது சரிதான் என்றது.

மேல்முறையீடு செய்ய முப்பது நாள் கெடு. மேல்கோர்ட்டோ மலை உச்சியில் இருந்தது. நத்தை மனுவோடு அங்கே போய்ச் சேர நாற்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது.

"பதின்மூன்று நாள் தாமதம், அம்மா. தள்ளுபடி செய்துவிடுங்கள்" என்றது கம்பெனி வக்கீல் ஓணான்.

நீதிபதி எருமை நத்தையைப் பார்த்தது. "ஏன் தாமதம்?"

"தீர்ப்பு வந்த அன்றைக்கே கிளம்பிவிட்டேன், அம்மா. வழியில் எங்கேயும் நிற்கவில்லை."

"அதற்குச் சாட்சி உண்டா?" என்று மடக்கியது ஓணான்.

நத்தை தனியாக வந்தது, யாரைக் காட்டும்?

எருமை எழுந்து வாசலுக்குப் போனது. பாறைகளின் மேல் ஒரு வெள்ளிக்கோடு வெயிலில் மின்னியது. வாசற்படியிலிருந்து அடிவாரம் வரை அது ஓரிடத்திலும் அறுபடவில்லை. எருமை அந்த நத்தைத் தடத்தை ஓணானுக்குச் சுட்டிக்காட்டியது.

"தாமதத்தை மன்னிக்கிறேன். மனுவை விசாரிப்போம். அதற்காக நத்தை மறுபடி மலையேற வேண்டாம், கோர்ட்டே தோட்டத்துக்கு இறங்கி வரும். வக்கீலுக்குச் சம்மதம்தானே?"

ஓணான் மறுக்கத்தான் நினைத்தது. பிறவிப் பழக்கம், அதற்குள் தலை ஆடிவிட்டது.

நத்தை கொம்புகளை நீட்டிக் கீழே பார்த்தது. இனி இறக்கம்தான், சீக்கிரம் போய்விடலாம்.