ஒரே ஒரு தப்பு விடை

வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தப்புச் செய்யவில்லை.

சிஹாரு டீச்சர் மேசைகளை இன்னொரு தடவை நோட்டம் விட்டாள்.

ஐந்தாம் வகுப்பு முழுவதும் கத்தரிக்கோலும் வண்ணத்தாள் இணைகரமுமாகக் குனிந்திருந்தது. சுவரை ஒட்டி, விருந்தினர் செருப்பு மாட்டிய வெளிப்பள்ளி ஆசிரியர்கள் வரிசையாக நின்றார்கள். ஜப்பானில், இந்தத் தொயாமாவில் வாத்தியார் வேலைக்கு வந்தால் இப்படி ஒரு நாளிலிருந்து தப்ப முடியாது. ஊர் வாத்தியார்களெல்லாம் கூடி நின்று பாடம் நடத்துவதைப் பார்ப்பார்கள். முடிந்ததும் கீழே கூடத்தில் உட்கார்ந்து பிரித்து மேய்வார்கள்.

சிஹாருவுக்கு இதுதான் முதல் தடவை.

பாடம், இணைகரத்தின் பரப்பு. யாராவது ஒரு பிள்ளை செவ்வகத்துக்குச் செய்வது போலவே பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கிவிடும். அந்தத் தப்பைக் கரும்பலகையில் ஒட்ட வேண்டும். அது ஏன் சரியில்லை என்று பிள்ளைகளே சண்டை போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கோடை முழுக்க உட்கார்ந்து எழுதிய பாடத்திட்டம் அந்த ஒரு தப்பின் மேல்தான் நின்றது.

எந்தப் பிள்ளை எப்படி யோசிக்கும் என்று மேசைவாரியாக ஊகித்து, அச்சடித்து, விருந்தினர் கையிலும் கொடுத்தாயிற்று. இங்கே அதுதான் வழக்கம். கொனட்சுவின் பெயருக்கு நேரே மட்டும் அடிக்கோடு இருந்தது: 'இரு பக்கங்களையும் பெருக்குவாள்.'

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிற பிள்ளை அவள்.

சிஹாரு மேசை மேசையாக நடந்தாள். எல்லோரும் ஓரத்து முக்கோணத்தை வெட்டி, மறுபக்கம் நகர்த்தி, அழகாகச் செவ்வகமாக்கி வைத்திருந்தார்கள்.

முன்வரிசை ரிகுவிடம் குனிந்து, "யாருடா சொல்லிக் குடுத்தது?" என்று கிசுகிசுத்தாள்.

"பக்கத்து வகுப்புப் பசங்கதான், சென்செய். நேத்து அங்க ஒத்திகை நடத்துனீங்கல்ல? இத்தனை பேர் முன்னாடி உங்க மானம் போகக் கூடாதுன்னு எல்லாரும் கேட்டு வச்சுக்கிட்டோம். கொனட்சுகிட்ட மட்டும் சொல்லல. சொன்னாலும் அவளுக்கு ஏறாது."

ஒத்திகைக்கு அடுத்த வகுப்பைக் கடன் வாங்கியவள், பிள்ளைகளுக்கு வாய் உண்டு என்பதை மறந்துவிட்டாள். சொந்தச் செலவில் சூனியம்.

ஆனால் கொனட்சுவிடம் சொல்லவில்லையாம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த ஒரு சொல்லில் சிஹாருவுக்கு மூச்சு வந்தது.

கொனட்சு இரண்டு கைகளாலும் தன் தாளை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக்காரர், அச்சடித்த தாளைத் தாழ்த்திப் பிடித்தபடி நகராமல் நின்றார். அடிக்கோடு அவரை அங்கே கட்டிப்போட்டிருந்தது.

"உனக்கு என்ன தோணுதோ அதையே சொல்லும்மா." தன் குரலில் கெஞ்சல் இருந்தது சிஹாருவுக்கே கேட்டது.

கரும்பலகைக்குத் திரும்பினாள். வேறு மாதிரி செய்தவர்கள் உண்டா என்று கேட்டாள். ஒரு கையும் எழவில்லை. தலைமையாசிரியர் தன் செருப்பு நுனியைப் பார்த்தார். சுவரோரம் யாரோ இருமினார்கள்.

கடைசியில் ஒரு கை பாதி உயர்ந்தது.

"ரெண்டு பக்கத்தையும் பெருக்கினேன்" என்றாள் கொனட்சு.

போன உயிர் திரும்பி வந்தது. சிஹாரு அவளுடைய இணைகரத்தை வாங்கிக் காந்தத்தால் பலகையில் ஒட்டினாள். வகுப்பு கொதித்தது. அப்படியானால் இன்னும் சாய்த்தாலும் அதே பரப்பா என்று ஒருவன் எழுந்தான். நான்கு பென்சில்களைக் கட்டமாக வைத்துச் சாய்த்துக் காட்டினாள் ஒருத்தி. சுவரோரம் பேனாக்கள் ஓடின. மணி அடித்தபோது கைதட்டலே விழுந்தது.

"அந்தப் பொண்ணு நல்லாக் கைகொடுத்தா" என்றார் தலைமையாசிரியர், கூடத்துக்கு இறங்கும்போது.

பிள்ளைகள் வகுப்பைப் பெருக்கத் தொடங்கினார்கள். சிஹாரு பலகையிலிருந்து இணைகரத்தை எடுத்தாள். பின்பக்கம் விரலில் ஏதோ வழுக்கியது.

திருப்பினாள். டேப். ஓரத்து முக்கோணத்தை வெட்டி எடுத்து, பிறகு இருந்த இடத்திலேயே பிசகாமல் சேர்த்து ஒட்டியிருந்தது.

துடைப்பத்தோடு நின்ற கொனட்சுவைக் கூப்பிட்டாள். "வெட்டிட்டு ஏம்மா திரும்ப ஒட்டின?"

கொனட்சு தரையைப் பார்த்தாள்.

"எனக்கு யாரும் சொல்லித் தரலையா, நானாத்தான் வெட்டி வச்சுப் பாத்தேன். அப்புறம் பின்னாடி நின்ன சார் தாள்ல, என் பேருக்கு நேரா வேற மாதிரி போட்டிருந்துச்சு. நீங்க எழுதினா சரியாத்தானே இருக்கும், சென்செய்?"