இடது காது

திரையில் சாம்பல் நிறத் தலை ஒன்று மெல்லச் சுழல்கிறது. எட்டு மாதங்களுக்கு முன் தீயில் இடது காதை இழந்த லாரி ஓட்டுநரின் தலை அது. அவர் மேசைக்கு எதிரே கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி, மடியில் மருந்துப் பை. செயற்கைக் காது செய்யும் பெண் அவருடைய வலது காதின் ஸ்கேனை இடவலமாகத் திருப்பி, வெற்றிடத்தில் பொருத்துகிறாள். பொருத்திய இடம் கோணல் தையல்போலத் துருத்திக்கொண்டு தெரிகிறது. கணினிப் பேனாவை வரைபலகையில் தேய்க்கத் தேய்க்க, விளிம்பு கரைந்து கன்னத்தோடு கலக்கிறது. ஜன்னல் வெயில் திரையின் ஓரத்தைத் தொடுகிறது. "பாருங்க, ஒட்டினதே தெரியல" என்கிறாள். ஓட்டுநர் தலையாட்டுகிறார். மனைவி ஆட்டவில்லை. "இது இவரு காது இல்லம்மா." பேனா நிற்கிறது. "இடது காது மேல கொஞ்சம் மடங்கியிருக்கும். கீழ் மடலும் கன்னத்தோட ஒட்டியிருக்கும்." பெண் மேல்விளிம்பை மடிக்கிறாள். "இன்னும்." மடிக்கிறாள். மடலை உள்ளே தள்ளுகிறாள். "போதும், போதும்!" மருந்துப் பையின் வாயை மனைவியின் விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. ஓட்டுநர் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்க்கிறார். "எனக்கே தெரியாதே. நீ எப்பப் பார்த்த?" "லாரில பக்கத்துல உட்கார்ந்துகிட்டு வேற எதைப் பார்க்கிறதாம்? நீங்கதான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டீங்களே." அவர் சிரிக்கிறார். புதிதாய் வளர்ந்த தோல் இழுத்து வலிக்கிறது. கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு மேலும் சிரிக்கிறார்.