புழு தின்ற மிச்சம்

காய்க்கார அக்கா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கத்திரிக்காயைக் குத்திக்கொண்டிருந்ததை அவள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

ஒன்றா இரண்டா, வரிசையாக! ஒரு குத்து, ஒரு திருகு, அடுத்தது. கத்திரிக்காய்க்கு மட்டுமா? மூன்று வாரமாக அவளுக்கும் சேர்த்தல்லவா காது குத்தியிருக்கிறாள் இந்த அக்கா?

குப்பை வாளியோடு படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள்.

எல்லாம் ஒரு குரல் பதிவில் ஆரம்பித்தது. 'விழித்திரு தாய்மார்' வாட்ஸப் குழுவில் ஒரு கரகரத்த குரல் கேட்டது: "புழுகூடத் தொடாத காயை உங்க பிள்ளைக்கு ஊட்டுவீங்களா?" மரபணு மாற்றிய கத்திரிக்காயாம். கடித்த புழு அங்கேயே காலியாம்.

அன்றைக்கே வீட்டில் காய்கறி நின்றது. கத்திரிக்காயோடு போகவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் வெண்டைக்காய் என்ன, வெள்ளரிக்காய் என்ன!

கணவன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான்: "விஞ்ஞானிங்க சொல்றாங்க, அது புழுவோட குடலைத்தான் பாதிக்குமாம். மனுஷனை ஒண்ணும் பண்ணாதாம்."

"அவங்களுக்கு உங்களைத் தெரியாது. அதான் அவ்வளவு உறுதியா சொல்றாங்க."



நான்கு வயது மகள் ஒரு மாதம் வெறும் சோறும் உப்புமாகச் சாப்பிட்டாள். மருத்துவமனையில் எடை அட்டையின் கோடு கீழே இறங்கியது. "வீட்டுல காய்கறியே சமைக்கிறதில்லையா?" என்று நர்ஸ் கேட்டதும், கான்வென்ட்டில் உயிரியலில் தொண்ணூற்றாறு வாங்கியவள் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். வீடு திரும்பும் வழியில் காய் வண்டி முன்னால் நின்று அழுதுவிட்டாள்.

"இது மரபணு மாத்தினதாக்கா?"

"எதையும் மாத்தலைம்மா. நேத்து வெச்சிருந்த அதே காய்தான்." அது எங்கே, எப்படி விளைந்தது என்று அக்கா சொல்லத் தொடங்கினாள்.

"படிச்சவகிட்ட கதை விடாதீங்க. புழு ஓட்டை இருந்தாத்தான் அக்கா நான் நம்புவேன். புழு சாப்பிட்டதைத்தான் என் பொண்ணுக்குக் கொடுப்பேன்."

அக்கா அவளையும் பார்த்தாள், இடுப்பில் துவண்டு கிடந்த குழந்தையையும் பார்த்தாள். "நாளைக்கு வாம்மா" என்றாள்.

மறுநாள் ஓட்டையோடு கத்திரிக்காய் வந்தது. வெண்டைக்காய்கூட ஓட்டையோடு வந்தது. அவள் குழுவில் எழுதினாள்: 'புழு சாப்பிட்ட காயே பத்திரமான காய்!' நாற்பத்தாறு இதயங்கள் விழுந்தன. இப்போது தினமும் எட்டு மணிக்குக் குடியிருப்பு முழுக்க வண்டியைச் சுற்றி நின்று ஓட்டை தேடுகிறது.

"இந்த வீட்டுல ஓட்டை இருந்தாத்தான் மரியாதைன்னா, என் பனியனைத்தான் முதல்ல சமைக்கணும்" என்றான் கணவன்.

ஒரு நாள் நறுக்கும்போது அவளுக்கே சந்தேகம் வந்தது. "ஓட்டை இருக்கு, புழுவைக் காணோமேங்க?"

"ஆபீஸ் நேரமாச்சே. வேலைக்குப் போயிருக்கும்."

ஆனால் மகள் சாப்பிட்டாள். கோடு மேலே ஏறியது. புழுவுக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொல்லியிருந்தாள்.

இப்போது பார்த்தால், புழு வளையல் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

"அக்கா."

அக்கா நிமிர்ந்தாள். ஊக்கை மறைக்கவில்லை.

"இன்னிக்கு சீக்கிரமா இறங்கிட்டியா?"

"என்னக்கா இது? உங்களை நம்பித்தானே என் குழந்தைக்கு ஊட்டினேன்? ஏமாத்திட்டீங்களே!"

"நிஜப் புழுக் காய்தான் வேணுமா? அதோ, கீழே சாக்குல இருக்கு. மாட்டுக்குப் போடக்கூட யோசிக்கிறேன்."

"ஏன்?"

"காய்க்குள்ள புழு இறங்கிட்டா மருந்து அதை எட்டாது. எட்டலைன்னதும் இன்னொரு தடவை அடிப்பாங்க. அப்புறம் இன்னொரு தடவை. எத்தனை தடவைன்னு அந்தப் புழுவைத்தான் கேக்கணும். மொத்தமும் தோல் மேலதானே நிக்குது? அதை எப்படிம்மா ஒரு குழந்தைக்குக் கொடுக்கிறது?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இந்தக் காய்?"

"ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கிட்டு வர்றேன். வலை கட்டி வளக்கிறாங்க. பூச்சியும் வராது, மருந்தும் அடிக்கிறதில்ல. என் வீட்டுலயும் இதைத்தான் சமைக்கிறேன்."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"முதல் நாளே சொன்னேனே. 'படிச்சவகிட்ட கதை விடாதீங்க, எனக்கு ஓட்டைதான் வேணும்'னு அழுதே. ஓட்டை இல்லாட்டி நீ வாங்க மாட்டே. நீ வாங்காட்டி அது சாப்பிடாது." அக்கா அடுத்த காயை எடுத்தாள். "உன் பயத்துக்கு ஒரு குத்து. அவ்வளவுதான்."

குழுவில் உண்மையை எழுதலாம். நாற்பத்தாறு பேரும் நம்புவார்களா? அவளே நம்பவில்லையே. இன்னும் ஒரு மாதம் விவாதம் நடக்கும். அதுவரை நாற்பத்தாறு வீட்டிலும் சோறும் உப்பும்.

மேலே லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. மணி எட்டாகப் பத்து நிமிடம். கூடையில் பாதிக்கு மேல் இன்னும் வழவழவென்று முழுசாகவே கிடந்தன.

அவள் தன் வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றினாள்.

"தள்ளி உட்காருங்கக்கா. வெண்டைக்காயை நான் பாத்துக்கிறேன்."