மடவையின் வயிற்று மண்

தேவகியின் விரல்களுக்கிடையில் வெள்ளை மணல் நறநறத்தது.

குழம்புக்கென்று எடுத்துவைத்த இரண்டு மடவை மீன். இரண்டின் வயிற்றிலும் அதே மணல்தான்.

கோழிக்கு இருப்பது போலவே மடவைக்கும் கெட்டியான இரைப்பை. விழுங்கிய மண்ணை வைத்தே அது இரையை அரைக்கும். எந்த இடத்தில் மேய்ந்ததோ அந்த இடத்து மண் உள்ளே இருக்கும்.

ஏரியின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புச் சேறு. வெள்ளை மணல் கிடப்பது ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில். அங்கே வலை போட நேற்று ராத்திரி வேறு ஆட்களின் முறை.

உள்ளேதான் போட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் புருஷன் தாமோதரன் குறட்டை விடுகிறான். பாவி! அந்த வலையை ஒற்றை ஆளாக இழுக்கவும் முடியாது. கூட வந்தது யார் என்று கேட்டதற்குப் புரண்டு படுத்துக்கொண்டான்.

முறை மீறியது தெரிந்தால் வருஷம் முழுக்க ஏரியில் இறங்க முடியாது. பிள்ளைகளுக்கு எதைப் போடுவது?

தெருமுனையில் குரல்கள். ஊர்ப் பெரியவர் தருமலிங்கமும், முறை பறிபோன இரண்டு பேரும் வீடு வீடாக மீன் குடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

தேவகி இரைப்பைகளைப் பக்கத்தில் நின்ற கோழியிடம் வீசினாள். அது லபக் லபக்கென்று விழுங்கிவிட்டது.

"இன்னா தேவகி, மடவையா? இரைப்பை எங்க?" என்றார் தருமலிங்கம்.

பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாள். பூனை கதவோரம் தூங்கிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் குச்சியால் குடலைக் கிளறிப் பார்த்தார்கள். எதுவும் அகப்படாமல் முணுமுணுத்தபடி நகர்ந்தார்கள்.

தருமலிங்கம் மட்டும் நகரவில்லை. குனிந்து கோழியைப் பிடித்தார். அதன் தொண்டைக்குக் கீழே புடைத்திருந்த தீனிப்பையை விரலால் அழுத்திப் பார்த்தார்.



அவர் குரலைத் தாழ்த்தினார். "கோழி வயித்துல மண்ணு அப்டியே தங்கும்மா. இப்பவே அறுத்துப் பொதைச்சிடு. என் மவனும் கோழிக்குத்தான் போட்டான், அத விடியறதுக்குள்ளயே அறுத்துட்டேன்."

கோழியை அவள் கையில் திணித்துவிட்டு, அடுத்த வீட்டுக் குடலைப் பார்க்கப் போனார்.