வெயில் புகும் துணி

கல்யாணத்துக்குப் பிறகு நீச்சல் கூடாது என்று மதிவாணன் சொல்லியிருந்தான். அவனுக்குத் தெரியாமல் சுகந்தி தினமும் நீச்சல் குளத்துக்குப் போனாள். தோளில் நீச்சலுடையின் வார் பட்ட இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தால் மாட்டிக்கொள்வோம் என்று வெயிலை உள்ளே விடும் நீச்சலுடை வாங்கியிருந்தாள். துணி முழுக்க ஊசிமுனை அளவுத் துளைகள். நெருக்கமாய் அச்சிட்ட பூக்கள் அவற்றை மறைத்துவிடும். உடம்பு ஒரே சீராகக் கறுத்தது.

பயந்துபோன மதிவாணன் அவளை டாக்டரிடம் அழைத்துப்போனான்.

"மூடியிருக்கிற இடமும் கறுத்திருக்கே. அப்ப இது வெயில் இல்ல. சுரப்பியில கோளாறு இருக்கலாம்" என்றார் டாக்டர். "ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்."

"உயிருக்கு ஒண்ணும் ஆகாதே சார்?"

மதிவாணன் பிறர் முன்னால் முதல் முறையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்லிவிடலாம் என்று சுகந்தி வாயைத் திறந்தாள். அவன் பிடி இறுகியது. மறு கையை நர்சின் ஊசிக்கு நீட்டினாள்.